விர்ச்சுவல் மெஷினில் ஸ்கிரீன் ரீடர்: பேச்சு நின்றாலோ விசை தடுமாறினாலோ என்ன செய்வது?

திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடரோடு, பார்வையில்லாமல் கணினி பயன்படுத்துகிறவர்களுக்கு விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கணினிக்குள்ளேயே மென்பொருளால் உருவாக்கி ஓட்டும் இன்னொரு கணினி, ரொம்பப் பயனுள்ள கருவி. அன்றாட வேலைக்கான கணினியின் பேச்சைப் பணயம் வைக்காமலே லினக்ஸ் பழகலாம், விண்டோஸின் புதிய பதிப்பைச் சோதிக்கலாம், நம்பிக்கை வராத நிரலை நிறுவிப் பார்க்கலாம். கெட்டுப்போனால் அழித்துவிட்டு இன்னொன்று உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் பலர் முதல் நாளிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். திரையைப் பார்ப்பவருக்கு ஒரு பிழைச் செய்தியாவது தெரியும். நமக்கு வெறும் அமைதிதான் மிஞ்சுகிறது.

அந்த அமைதிக்குக் காரணங்கள் நிறைய. ஆனால் தேட ஆரம்பிக்கும் இடம் ஒன்றுதான். இங்கே கணினிகள் இரண்டு. விசைப்பலகையும் ஸ்பீக்கரும் ஒன்றே ஒன்று. உங்கள் மேசையில் இருப்பதை வெளிக்கணினி என்றும், அதற்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷினை உள்கணினி என்றும் வைத்துக்கொள்வோம். எந்தக் கோளாறு வந்தாலும் அமைப்புகளில் கை வைக்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும்: இப்போது பேசுவது யார்? இப்போது விசை யாருக்குப் போகிறது? முக்கால்வாசிப் பிரச்சினைகள் இதற்கு விடை தெரியாமல் கண்டதையும் அழுத்துவதால்தான் பெரிதாகின்றன.

விடை உடனே தெரிய, முன்கூட்டியே இரண்டு ஏற்பாடுகளைச் செய்துவிடுங்கள். முதலாவது, இரண்டுக்கும் வெவ்வேறு குரல். வெளியே விண்டோஸோடு வரும் ஒன்கோர் குரல் என்றால் உள்ளே ஈஸ்பீக் என்ஜி என்ற குரலை வைத்துக்கொள்ளலாம். ஒரு சொல் காதில் விழுந்தாலே எந்தக் கணினி என்று தெரிந்துவிடும். இரண்டாவது, இரண்டுக்கும் வெவ்வேறு கட்டளை விசை, அதாவது ஸ்கிரீன் ரீடருக்குக் கட்டளை கொடுக்க அழுத்திப் பிடிக்கும் விசை. விண்டோஸுக்கான இலவச ஸ்கிரீன் ரீடரான என்விடிஏவில் இன்சர்ட், நம்பர் பேடில் உள்ள இன்சர்ட், கேப்ஸ் லாக் ஆகிய மூன்றில் எது கட்டளை விசை என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வெளியே கேப்ஸ் லாக் மட்டும், உள்ளே இன்சர்ட் மட்டும் என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

சரி, இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

அறிகுறி: உள்கணினி ஓடுகிறது, ஆனால் சத்தமே இல்லை

முதலில் விசையை வெளிக்கணினிக்கு மீட்டுக்கொள்ளுங்கள். விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் மென்பொருள்களில் ஒன்றான விர்ச்சுவல்பாக்ஸில் வலது கன்ட்ரோல். இன்னொன்றான விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனில் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து. பிறகு ஆல்ட் டேப் அழுத்தி வேறு சாளரத்துக்குப் போய் வாருங்கள். வெளிக்கணினி பேசினால் ஸ்பீக்கரில் குறை இல்லை, பிரச்சினை உள்ளேதான்.

அடுத்து விண்டோஸ் வால்யூம் மிக்ஸர். விர்ச்சுவல் மெஷினின் ஒலிக்குத் தனி அளவுக்கோல் அங்கே இருக்கும். அது ஊமையாகவோ மிகக் குறைவாகவோ இருக்கலாம். மெஷினைத் தொடங்கிய பிறகு ஹெட்செட்டை மாற்றினீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். ஒலி இன்னும் பழைய சாதனத்துக்கே போய்க்கொண்டிருக்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால், மிகச் சாதாரணமான காரணம் உள்கணினிக்குக் கொடுத்திருக்கும் சவுண்ட் கார்டு வகை. விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் ஒரு பொய் சவுண்ட் கார்டை உருவாக்கிக் காட்டுகிறது. அது பழைய ஏசி 97 வகையாக இருந்தால் இன்றைய 64 பிட் விண்டோஸில் அதற்கான டிரைவரே கிடையாது. இன்டெல் எச்டி ஆடியோ வகையாக இருந்தால் விண்டோஸிலேயே இருக்கும் டிரைவர் போதும்.

விர்ச்சுவல்பாக்ஸில் மெஷினை அணைத்துவிட்டு அதன் செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போங்கள். ஆடியோ இயக்கப்பட்டிருக்க வேண்டும். கன்ட்ரோலர் இன்டெல் எச்டி ஆடியோவாக இருக்க வேண்டும். ஆடியோ அவுட்புட் என்ற தனிப் பெட்டியும் தேர்வாகியிருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பெட்டியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஆடியோவை இயக்குவதும் அவுட்புட்டை இயக்குவதும் இரண்டு தனித்தனி அமைப்புகள். கட்டளைவரியில் மெஷினை உருவாக்குகிறவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

விஎம்வேரில் புதிதாக விண்டோஸ் 10, 11 மெஷின் உருவாக்கினால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. பழைய மெஷின்களில் வரும். அங்கே செட்டிங்ஸ் சாளரத்தில் கார்டு வகையை மாற்ற வழியில்லை. மெஷின் கோப்புறையில் இருக்கும் விஎம்எக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து திருத்த வேண்டும். மெஷின் சஸ்பெண்டில் இல்லாமல் முழுதாக அணைந்திருக்க வேண்டும். சவுண்ட் என்று தொடங்கும் வரிகளில், புள்ளிக்குப் பிறகு விர்ச்சுவல்டெவ் என்று வரும் வரியைத் தேடுங்கள். அதன் மதிப்பை மேற்கோள் குறிகளுக்குள் எச், டி, ஆடியோ மூன்றையும் சேர்த்து ஒரே சொல்லாக, சிறிய எழுத்தில் எழுதுங்கள். வரியே இல்லையென்றால் புதிதாகச் சேர்க்கலாம். திருத்தும் முன் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: விண்டோஸ் நிறுவும்போது நரேட்டர் எழவே இல்லை

விண்டோஸ் 10, 11 நிறுவல் வட்டிலேயே விண்டோஸின் சொந்த ஸ்கிரீன் ரீடரான நரேட்டர் இருக்கிறது. நிறுவல் திரை வந்ததும் கன்ட்ரோல், விண்டோஸ் விசை, எண்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேச வேண்டும். பேசவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் கீழ்க்கண்ட மூன்றில் ஒன்று.

நிறுவல் திரை வரவே இல்லை என்பது ஒன்று. மெஷின் வட்டிலிருந்து எழும்போது, ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று திரையில் ஒரு வரி வந்து சில நொடிகள் மட்டும் காத்திருக்கும். அதற்கு எந்தச் சத்தமும் கிடையாது. அந்த நொடிகளில் அழுத்தாவிட்டால் மெஷின் வட்டை விட்டுவிட்டு வேறு எங்காவது போய் நின்றுவிடும். நீங்களோ நரேட்டருக்காகக் காத்துக்கொண்டிருப்பீர்கள். மெஷினைத் தொடங்கியவுடனே, விசை உள்கணினிக்குப் போகிறது என்பதை உறுதிசெய்துகொண்டு, ஸ்பேஸ் விசையை நொடிக்கு ஒரு முறை வீதம் கொஞ்ச நேரம் தட்டுங்கள். இதில் இன்னொரு பாதியும் உண்டு. கோப்புகள் நகலெடுக்கப்பட்டு மெஷின் தானாக மறுதொடக்கம் ஆகும்போது எதையும் தொடக் கூடாது. தொட்டால் நிறுவல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

விசை வெளிக்கணினிக்குப் போய்விட்டது என்பது இரண்டாவது. அப்படியானால் நரேட்டர் வெளியே எழும். உங்கள் வழக்கமான ஸ்கிரீன் ரீடரோடு சேர்ந்து அதுவும் பேச ஆரம்பிக்கும். அதே விசைகளை மறுபடி அழுத்தி அதை அணையுங்கள். உள்ளே விசையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். விஎம்வேரில் இதற்கு கன்ட்ரோல் ஜி.

மூன்றாவது, மேலே சொன்ன சவுண்ட் கார்டு.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் புதிய மெஷின் உருவாக்கும் சாளரத்திலேயே ஆளில்லா நிறுவல் வசதி இருக்கிறது. பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் முன்பே கொடுத்துவிட்டால் கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லிவிட்டுப் போகும். டெஸ்க்டாப் கைக்கு வரும் வரை உள்ளே போக வேண்டிய தேவையே இருக்காது. முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

அறிகுறி: ஹைப்பர் வியில் எதைச் செய்தாலும் ஒலி வரவில்லை

இது கோளாறு இல்லை. விண்டோஸிலேயே இருக்கும் விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர் வி தன் மெஷின்களுக்குச் சவுண்ட் கார்டே தருவதில்லை. சாதாரண இணைப்பில் நீங்கள் எந்த அமைப்பை மாற்றினாலும் சத்தம் வராது. அதனால் விண்டோஸ் நிறுவல் முழுவதும் நரேட்டர் ஊமைதான்.

ஒலி வர வேண்டுமென்றால் என்ஹான்ஸ்டு செஷன் என்ற முறையில் இணைய வேண்டும். அது ரிமோட் டெஸ்க்டாப் தொழில்நுட்பத்தில் ஓடுவதால் உள்கணினியின் ஒலி அந்த வழியாக வெளியே வரும். இணையும்போது வரும் சிறு சாளரத்தில் ஷோ ஆப்ஷன்ஸ், பிறகு லோக்கல் ரிசோர்சஸ் தாவலுக்குப் போய், ஒலியை இந்தக் கணினியிலேயே ஒலிக்கச் செய் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் உள்ளே விண்டோஸ் முழுதாக எழுந்த பிறகுதான் இது கிடைக்கும். அப்போதும் இணைய மறுத்தால் உள்கணினியில் அக்கவுண்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ் பகுதியைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ வழியாக மட்டுமே நுழைவு என்ற அமைப்பு இயங்கினால் அதை அணைக்க வேண்டும்.

முதல் விர்ச்சுவல் மெஷினை ஹைப்பர் வியில் தொடங்காதீர்கள் என்பதே என் கருத்து. ஒரு நிரலைச் சோதிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் விண்டோஸிலேயே இருக்கும் தற்காலிக மெஷினான விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இன்னும் எளிது. அதில் ஒலி வரும். நிறுவாமலே ஓடும் என்விடிஏவின் போர்ட்டபிள் பிரதியை உள்ளே ஒட்டி ஓட்டலாம். மூடினால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஹைப்பர் வி, சாண்ட்பாக்ஸ் இரண்டுமே விண்டோஸ் ஹோம் பதிப்பில் கிடையாது.

அறிகுறி: சாளரத்தின் பெயரைச் சொல்கிறது, உள்ளே இருப்பதை வாசிக்கவில்லை

வெளியே இருக்கும் ஸ்கிரீன் ரீடருக்கு உள்கணினியின் திரை முழுவதும் ஒரே ஒரு படம். அதில் இருக்கும் பொத்தானும் பட்டியலும் அதற்குத் தெரியாது. அதனால்தான் உள்ளே தனியாக ஒரு ஸ்கிரீன் ரீடர் ஓட வேண்டியிருக்கிறது. வெளியே உள்ளதன் அமைப்புகளை எப்படி மாற்றினாலும் இது மாறாது.

ஆனால் படம் என்பதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. உள்கணினி ஊமையாகி, என்ன நடக்கிறதென்று தெரியாத நேரத்தில் வெளியிலிருந்து அந்தப் படத்தை, படத்தில் இருக்கும் எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி (ஓசிஆர்) மூலம் வாசிக்கலாம். விசையை மீட்டு, மெஷின் சாளரத்திலேயே நின்றுகொண்டு, என்விடிஏ விசையோடு, அதாவது வெளி என்விடிஏவின் கட்டளை விசையோடு, ஆர் அழுத்துங்கள். ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர் என்றால் இன்சர்ட் ஸ்பேஸ், பிறகு ஓ, பிறகு டபிள்யூ. திரையில் இருக்கும் எழுத்துகள் வரிவரியாகக் கிடைக்கும். எந்த விசையையாவது அழுத்து என்ற வரியும், துவக்க வட்டு கிடைக்கவில்லை என்ற செய்தியும், மறுதொடக்கத்துக்குப் பிறகு வரும் கடவுச்சொல் திரையும் இப்படித்தான் நமக்குத் தெரியவரும். ஊமை மெஷினைக் கையாள இதைவிட நல்ல கருவி இல்லை. ஏதாவது கெடுவதற்கு முன்பே பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துணரி வேலை செய்யவில்லையென்றால், வெளி என்விடிஏவில் ஸ்கிரீன் கர்ட்டன் இயங்குகிறதா என்று பாருங்கள். திரை மறைந்திருக்கும்போது எழுத்துணரியும் இயங்காது. மெஷின் சாளரம் சிறிதாக்கப்பட்டிருந்தாலும் வாசிக்க ஒன்றும் இருக்காது.

அறிகுறி: கட்டளை ஒருவருக்கு, பதில் இன்னொருவரிடமிருந்து

உள்ளே தலைப்பை வாசிக்கச் சொல்கிறீர்கள்; வெளியே உள்ள ஸ்கிரீன் ரீடர் மெஷின் சாளரத்தின் தலைப்பை வாசிக்கிறது. விண்டோஸில் விசைகளை இடைமறிக்கும் நிரல்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால், கடைசியாக வந்து சேர்ந்ததற்கே விசை முதலில் போகும். மெஷின் சாளரம் திறந்திருக்கும்போது வெளி என்விடிஏவை மறுதொடக்கம் செய்தால் அது முன்வரிசைக்கு வந்துவிடும். விசையை மீட்டு, வேறு சாளரத்துக்குப் போய், திரும்பி வந்து உள்ளே மறுபடி பிடித்துக் கொடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

சரியாகவில்லையென்றால் உறக்க நிலை. மெஷின் சாளரத்தில் நின்று வெளி என்விடிஏவில் என்விடிஏ விசை, ஷிஃப்ட், எஸ் அழுத்துங்கள். லேப்டாப் விசை அமைப்பு என்றால் எஸ்ஸுக்குப் பதில் இசட். அந்த நிரலுக்கு மட்டும் வெளி என்விடிஏ பேச்சையும் கட்டளைகளையும் நிறுத்திவிடும். வேறு சாளரத்துக்குப் போனால் வழக்கம்போலப் பேசும். உறங்கப் போனது எந்தக் குரல் என்று கவனமாகக் கேளுங்கள். உள்ளே இருப்பது உறங்கிவிட்டால் மெஷின் கெட்டுப்போனது போலவே இருக்கும். அதே விசைகளை உள்ளே மறுபடி அழுத்தினால் எழுந்துவிடும்.

உறக்க நிலையில் மெஷின் சாளரத்தின் மெனுக்களும் வாசிக்கப்படாது. விர்ச்சுவல்பாக்ஸில் மேலாண்மைச் சாளரம் தனி நிரல் என்பதால் அது மட்டும் தொடர்ந்து பேசும்.

அறிகுறி: திடீரென்று விண்டோஸ் விசையும் ஆல்ட் டேப்பும் வெளியே வேலை செய்கின்றன

ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டுமே இவ்வளவு அடிக்கடி வரும் சிக்கல் இது. பேச்சை நிறுத்த நாம் கன்ட்ரோலைத் தட்டுகிறோம். வலது கையால் தட்டும் பழக்கம் இருந்தால், விர்ச்சுவல்பாக்ஸில் அதுதான் விசையை விடுவிக்கும் ஹோஸ்ட் விசை. பேச்சு நிற்கும், கூடவே விசைப்பலகையின் பிடியும் விடுபடும். சாதாரண எழுத்துகள் உள்ளேயே போய்க்கொண்டிருப்பதால் ஒன்றும் மாறவில்லை என்று தோன்றும். விண்டோஸ் விசையை அழுத்தும்போதுதான் வெளிக்கணினியின் ஸ்டார்ட் மெனு திறக்கும்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது, வலது கன்ட்ரோலை விடுவதற்குள் அடுத்த எழுத்தை அழுத்திவிடுவது. ஹோஸ்ட் விசையோடு பி அழுத்தினால் மெஷின் இடைநிறுத்தம் ஆகும். ஆர் என்றால் ரீசெட். எச் என்றால் அணைக்கும் கட்டளை போகும். வேகமாகத் தட்டச்சு செய்கிறவருக்கு இது எளிதில் நடக்கும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மெஷின் பாதி வாக்கியத்தில் உறைந்து போனால் முதலில் ஹோஸ்ட் விசையோடு பி அழுத்திப் பாருங்கள். இடைநிறுத்தம்தான் காரணம் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நிரந்தரத் தீர்வு, ஹோஸ்ட் விசையை மாற்றுவது. விர்ச்சுவல்பாக்ஸ் மேலாண்மைச் சாளரத்தில் ஃபைல், பிரிஃபரன்சஸ், இன்புட், விர்ச்சுவல் மெஷின் தாவலுக்குப் போங்கள். ஹோஸ்ட் கீ என்ற வரியில் வலது கன்ட்ரோலும் வலது ஷிஃப்ட்டும் சேர்ந்த கூட்டு விசையை வைக்கலாம். தனியாகத் தட்டும்போது தவறுதலாக விழாது.

விஎம்வேரில் இதே தொல்லை வேறு உருவத்தில் வரும். அங்கே கன்ட்ரோல் ஆல்ட் விசையை விடுவிக்கும்; நமக்கோ கன்ட்ரோல் ஆல்ட் என் என்விடிஏவைத் தொடங்கும் விசை, கன்ட்ரோல் ஆல்ட் அம்பு அட்டவணைக்குள் நகரும் விசை. உள்ளே என்விடிஏவைத் தொடங்கப் போய் வெளியே உள்ளது மறுதொடக்கம் ஆகும். உள்ளே தொடங்க விண்டோஸ் ஆர் அழுத்தி என்விடிஏவின் நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி எண்டர் கொடுப்பதே நம்பகமான வழி. அட்டவணைகளில் வேலை செய்ய வேண்டுமென்றால் எடிட், பிரிஃபரன்சஸ், ஹாட் கீஸ் பகுதியில் விடுவிக்கும் கூட்டு விசையை மாற்றிவிடுங்கள். கன்ட்ரோல் ஆல்ட் டெலீட்டை உள்ளே அனுப்ப மெஷின் மெனுவில் தனிக் கட்டளை இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் ஹோஸ்ட் விசையோடு டெலீட்.

அறிகுறி: சரியான கடவுச்சொல்லைத் தவறு என்கிறது

கேப்ஸ் லாக் நிலை இரண்டு கணினிகளிலும் பிசகியிருக்கும். கேப்ஸ் லாக்கைக் கட்டளை விசையாக வைத்திருப்பவர்களுக்கு இது வழக்கமான தொல்லை. உள்ளே கேப்ஸ் லாக்கும் கட்டளை விசை என்றால் அதை வேகமாக இரண்டு முறை தட்டுங்கள். இல்லையென்றால் ஒரு முறை போதும். இயங்குகிறதா அணைந்ததா என்று குரல் சொல்லும். நம்பர் பேட் கட்டளைகளுக்குப் பதில் எண்கள் விழுந்தால் அது நம்பர் லாக் விசையின் வேலை.

கேப்ஸ் லாக் சரியாக இருந்தும் மறுத்தால், உள்கணினியின் விசைப்பலகை மொழியமைப்பு வெளியே உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அமெரிக்க அமைப்பிலும் பிரிட்டிஷ் அமைப்பிலும் மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும். நட்சத்திரம் என்று மட்டும் வாசிக்கும் கட்டத்தில் இது தெரியவராது. எண்ணும் எழுத்தும் மட்டும் உள்ள கடவுச்சொல்லை உள்கணினிக்கு வைத்துக்கொண்டால் இந்தப் பக்கமே வர வேண்டியிருக்காது.

அறிகுறி: குரல் திக்கித் திக்கி வருகிறது

விண்டோஸை நிறுவிய முதல் ஒரு மணி நேரம் திக்கினால் விட்டுவிடுங்கள். பின்னணியில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும், தானாக அடங்கும்.

அடங்கவில்லையென்றால் உள்கணினிக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். விண்டோஸ் 11 கேட்பதே குறைந்தது இரண்டு பிராசஸர் கோர்களும் 4 ஜிபி நினைவகமும். இருக்கும் கோர்கள் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடவும் கூடாது. அப்புறம் வெளிக்கணினியின் குரல் திக்க ஆரம்பிக்கும். உள்ளே ஈஸ்பீக் என்ஜி போன்ற இலகுவான குரலை வையுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸில் இன்னொரு பெரிய காரணம் உண்டு. வெளி விண்டோஸில் ஹைப்பர் வி இயங்கினால் விர்ச்சுவல்பாக்ஸ் பிராசஸரை நேரடியாகப் பயன்படுத்த முடியாமல், அதன் மேல் ஏறி ஓட வேண்டியிருக்கும்; வேகம் நன்றாகவே குறையும். இதைத் தெரிவிக்க நிலைப் பட்டையில் பச்சை ஆமைப் படம் ஒன்று வருகிறது. கண்ணால் பார்ப்பவருக்கு அது போதும். நமக்கு வேறு வழி: வெளிக்கணினியின் ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து பட்டியலின் கடைசி வரிக்குப் போங்கள். ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது என்று ஆங்கிலத்தில் வாசித்தால் ஆமை இருக்கிறது என்று அர்த்தம்.

நீங்களே ஹைப்பர் வியை இயக்காவிட்டாலும் அது ஓடலாம். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, சாண்ட்பாக்ஸ், விண்டோஸ் செக்யூரிட்டியின் மெமரி இன்டக்ரிட்டி எல்லாம் அதையே நம்பியிருக்கின்றன. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் சாளரத்தில் ஹைப்பர் வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றையும் நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால் வேகம் திரும்பும். டபிள்யூஎஸ்எல் 2 நின்றுபோகும். மெமரி இன்டக்ரிட்டியை மட்டும் அணைக்க எனக்கு மனமில்லை. அது பாதுகாப்புக்கான ஏற்பாடு. ஒரு குரல் சீராக வருவதற்காக முழுக் கணினியின் பாதுகாப்பைக் குறைப்பது தகாது. மெமரி இன்டக்ரிட்டிதான் காரணம் என்றால் கடைசியில் சொல்லப்போகும் வேறு வழிக்கு மாறுவதே நல்லது.

அறிகுறி: உள்ளே குரல் அவ்வப்போது தாழ்கிறது, அல்லது முதல் அசை விழுங்கப்படுகிறது

தாழ்வது வெளி என்விடிஏவின் ஆடியோ டக்கிங்கால். அது பேசும்போதெல்லாம் மற்ற ஒலிகளைக் குறைக்கும். உள்கணினியின் குரல் அதற்கு மற்றுமொரு ஒலி, அவ்வளவுதான். என்விடிஏ விசை, ஷிஃப்ட், டி அழுத்தி டக்கிங்கை நிறுத்துங்கள். முதல் அசை விழுங்கப்பட்டால், ஒவ்வொரு அமைதிக்குப் பிறகும் ஒலிச் சாதனம் தூங்கப் போகிறது. உள் என்விடிஏவின் ஆடியோ அமைப்புகளில், பேச்சு முடிந்த பிறகும் சாதனத்தை விழிப்பாக வைத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

அறிகுறி: வெளிக்கணினியின் குரலோ பிரெயிலோ மறைந்துவிட்டது

யுஎஸ்பி ஹெட்செட்டையோ பிரெயில் டிஸ்பிளேயையோ உள்கணினி எடுத்துக்கொண்டது. ஒரு யுஎஸ்பி சாதனம் ஒரே நேரத்தில் ஒரு கணினிக்குத்தான் சொந்தம். விஎம்வேரில், புதிதாகச் செருகும் சாதனத்தைத் தானாக உள்ளே இணைக்கும் அமைப்பு இருக்கிறது. அது இயங்கினால் ஹெட்செட்டைச் செருகியவுடனே வெளிக்குரல் போய்விடும். சாதனத்தைக் கழற்றிவிட்டு, மெஷினை இடைநிறுத்தி, மறுபடி செருகுங்கள். குரல் திரும்பியதும் யுஎஸ்பி அமைப்பில் அந்தத் தானியங்கி இணைப்பை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு யுஎஸ்பி அல்லாத ஒரு ஹெட்போன் பக்கத்தில் இருப்பது நல்லது.

பிரெயில் டிஸ்பிளேயை வேண்டுமென்றே உள்ளே கொடுக்கிறீர்கள் என்றால், முதலில் வெளி ஸ்கிரீன் ரீடரில் பிரெயிலை இல்லை என்று மாற்றுங்கள். தானாகக் கண்டறியும் நிலையில் விட்டால் இரண்டும் அதற்காக மாறி மாறி இழுத்துக்கொண்டிருக்கும்.

உள்ளே லினக்ஸ் என்றால்

உபுண்டு, ஃபெடோரா போன்ற க்னோம் டெஸ்க்டாப்பில் ஆல்ட், விண்டோஸ் விசை, எஸ் சேர்த்து அழுத்தினால் லினக்ஸின் ஸ்கிரீன் ரீடரான ஆர்கா எழும். அதற்குப் பதில் வெளிக்கணினியில் ஏதாவது நடந்தால் விசை உள்ளே போகவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். டெபியன் நிறுவியில் துவக்க மெனு வந்ததும் எஸ் எழுத்தும் எண்டரும் அழுத்தினால் பேசும் நிறுவல் தொடங்கும். மெனு வந்ததற்கான பீப் ஒலி விர்ச்சுவல் மெஷினில் கேட்காமல் போகலாம். மெஷினைத் தொடங்கிச் சில நொடிகள் விட்டு அழுத்துங்கள், சந்தேகமாக இருந்தால் வெளியிலிருந்து எழுத்துணரியால் பாருங்கள். ஆர்கா பேசிக்கொண்டே இருந்து நின்றுபோனால், ஆல்ட் எஃப் 2 அழுத்தி, ஆர்கா என்று எழுதி, இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடும் ரிப்ளேஸ் என்ற சொல்லும் சேர்த்து எண்டர் கொடுங்கள். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில்.

வெளியே மேக் என்றால்

மேக் விசைப்பலகையில் இன்சர்ட் இல்லை. கேப்ஸ் லாக்கையும், அழுத்திப் பிடித்திருக்கும் விசையாக உள்ளே அனுப்ப முடியாமல் போகலாம். உள்ளே என்விடிஏ கட்டளைகள் எடுபடாததற்கு இதுதான் காரணம். முதலில் வாய்ஸ்ஓவர் யுடிலிட்டியில், மேக்கின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரின் கட்டளை விசை கன்ட்ரோல் ஆப்ஷன் மட்டும்தான் என்று வைத்து கேப்ஸ் லாக்கை விடுவியுங்கள். பிறகு காராபைனர் எலிமென்ட்ஸ் என்ற நிரலில் கேப்ஸ் லாக்கை இன்சர்ட்டாக மாற்றுங்கள். உள்ளே வேலை செய்யும்போது வாய்ஸ்ஓவர் குறுக்கிட்டால் கமாண்ட் எஃப் 5 அழுத்தி அதை அணையுங்கள்.

எதுவும் சரிவரவில்லையென்றால்: உள்கணினியின் ஒலியே வேண்டாம்

ஒலியைத் தவிர்த்துவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் வெளியே கொண்டுவரலாம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றைக் கையாளும் ரிமோட் அக்சஸ் வசதி, 2025.1 பதிப்பு முதல் என்விடிஏவோடு சேர்ந்தே வருகிறது. இரண்டு கணினிகளிலும் அதை இயக்கி ஒரே சாவியால் இணைத்தால், உள் என்விடிஏ சொல்வது வெளி என்விடிஏவின் குரலில் கேட்கும். என்விடிஏ விசை, ஆல்ட், டேப் அழுத்தினால் விசைப்பலகை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். ஒலிக்குப் பதில் சொற்கள் மட்டும் பயணிப்பதால் திக்கல் இல்லை. சவுண்ட் கார்டே இல்லாத ஹைப்பர் வி மெஷினிலும் நடக்கும்.

லினக்ஸில் கட்டளைவரி வேலை மட்டும்தான் என்றால் இதுகூடத் தேவையில்லை. நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியின் கட்டளைவரிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையை உள்ளே இயக்கி, விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் அமைப்பில் வெளிக்கணினியின் 2222ஆம் போர்ட்டை உள்ளே 22க்குத் திருப்பிவிடுங்கள். வெளிக்கணினியின் டெர்மினலிலிருந்தே உள்ளே நுழையலாம். உங்கள் வழக்கமான ஸ்கிரீன் ரீடரே எல்லாவற்றையும் வாசிக்கும்.

எந்த வழியாக வந்தாலும், உள்கணினி நன்றாகப் பேச ஆரம்பித்ததும் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். உள் என்விடிஏவின் பொது அமைப்புகளில் சைன் இன் திரையிலும் இயங்கும்படி தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மறுதொடக்கத்துக்குப் பிறகும் கடவுச்சொல் திரை ஊமையாகவே நிற்கும். பிறகு மெஷினை ஒழுங்காக அணைத்து, அதன் அப்போதைய நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்து, அதற்குப் பேசுகிறது என்றே பெயர் வையுங்கள். அடுத்த முறை எதையாவது சோதிக்கப் போய்க் குரல் போனால், வெளிக்கணினியிலிருந்தே அந்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம்.